மொட்டைமாடியில் ஒரு மேஜை, பன்னிரண்டு டெசிபல் தள்ளி

கன்னியாகுமரியில் மொட்டைமாடி உணவகங்களைப் பற்றி யார் எழுதினாலும் காட்சியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கிழக்கே வள்ளுவர், மேற்கே சூரியன், நடுவில் பனீர் பட்டர் மசாலா. நான் அங்கே கேட்கும் சத்தத்தைப் பற்றி எழுதலாம் என்று பார்க்கிறேன்.

காரணம், என் அக்கா மகன். வயது பதினொன்று, ஆட்டிசம் உள்ள பையன். அவனுக்கு வள்ளுவர் சிலை என்றால் உயிர். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், மற்ற இரண்டுக்கும் சேர்த்து 95. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. டிசம்பர் லீவில் நாகர்கோவில் போயிருந்தபோது, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சிலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வைக்கலாம் என்று கிளம்பினேன். "எதுக்குலே இந்தச் சள்ளை?" என்றாள் அக்கா. குடும்பமாக வெளியே உட்கார்ந்து சாப்பிட்டு அவளுக்கு நாலு வருஷம் ஆகிறது.

ஒரு ஹோட்டலுக்கு போன் பண்ணி விவரத்தைச் சொன்னேன். "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார், சவுண்டைக் கொறச்சு வச்சிரலாம்" என்றார்கள். நல்ல மனசு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் பதிலில்தான் விஷயம் இடறுகிறது.

வெளிநாடுகளில் 'சென்சரி ஃப்ரெண்ட்லி' என்கிற பெயரில் நடப்பவற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஏ.எம்.சி. தியேட்டர்கள் 2007 முதல் இப்படிச் சில காட்சிகள் போடுகின்றன. அங்கே ஒலியைக் குறைக்கிறார்கள், விளக்கைக் கூட்டுகிறார்கள். வால்மார்ட் 2023 நவம்பரிலிருந்து தினமும் காலை 8 முதல் 10 வரை பாட்டை நிறுத்தி விளக்கைக் குறைக்கிறது. ஒரு இடத்தில் வெளிச்சம் கூடுகிறது, இன்னொரு இடத்தில் குறைகிறது, கவனித்தீர்களா? 'மங்கலும் மௌனமும்' என்று ஒரே செட்டிங் கிடையாது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். கையேடு, புலனுணர்வு வித்தியாசங்களை 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதிலும் அளவுக்கு மீறி உறைப்பது, போதிய அளவு உறைக்காமல் தேடிப் போவது என்று இரண்டுமே உண்டு. எங்க பையனுக்கு மிக்ஸி சத்தம் ஆகாது. ஆனால் முகத்தில் அறைகிற கடல் காற்று வேண்டும், நொறுங்குகிற பப்படம் வேண்டும்.

இனி மாடிக்கு வருகிறேன். ஒலியைப் பொறுத்தவரை, திறந்த மொட்டைமாடி ஒரு வரம். மூடிய ஹாலில் சத்தம் சுவரிலும் கூரையிலும் முட்டித் திரும்பத் திரும்ப வரும். எந்த மூலையில் போய் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். மூன்று மீட்டரில் இருக்கும் மேஜையைப் பன்னிரண்டு மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் லாபம். காதுக்கு அது பாதிச் சத்தத்துக்கும் கீழே. பைசா செலவில்லை, மேஜையை நகர்த்த ரெண்டு ஆள் போதும்.

ஆனால் நம்ம ஆட்கள் மழைக்குப் பயந்து மேலே தகர ஷீட் போட்டுவிடுகிறார்கள். போட்டவுடன் பாதி வரம் போச்சு. சத்தம் ஷீட்டில் பட்டுக் கீழே இறங்குகிறது. அதை மீறிப் பேச ஒவ்வொரு மேஜையும் குரலை உயர்த்துகிறது. அது அடுத்த மேஜையை உயர்த்த வைக்கிறது. 1911-ல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் எழுதிவைத்த விளைவு இது. நம்ம கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க பிரெஞ்சுக்காரர் தேவையில்லைதான்.

அன்றைக்கு ஆறு மணி தாண்டி சூரியன் இறங்கினது. இந்த அட்சரேகையில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக விழும். இருபது சொச்ச நிமிடத்தில் இருட்டிவிடும். லண்டன் கோடையில் இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் இங்கே பகலிலிருந்து இரவுக்கு மாறுவது சட்டென்று நடக்கிறது. அதோடு எல்.இ.டி. பட்டைகளையும் ஒரே சமயம் போட்டார்கள். மொபைல் கேமராவில் பார்த்தேன், திரையில் கோடு கோடாக ஓடியது. மட்டமான டிரைவர் போட்ட எல்.இ.டி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை துடிக்கும். நமக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாகத் தெரியும்.

அதுவரை பையன் சமாளித்தான். சிலையில் விளக்கு எரிந்ததும் 38, 95 என்று ஆரம்பித்தான். சர்வர் தம்பி சொன்னபடியே பாட்டைக் குறைத்திருந்தார். அக்கா ஒரு பரோட்டாவைப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டு முதல் தடவையாகக் கடலைப் பார்த்தாள்.

பிறகு கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தது. ஆம்ப்ளிஃபயர் மறுபடி உயிர்பெற்று, குறைத்ததை மறந்து, பழைய முழு அளவில் பாடியது. சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும்; செட்டிங்கைச் சேமிக்காத மெஷின், ரீஸ்டார்ட் ஆனதும் டீஃபால்ட்டுக்கு ஓடிவிடுகிறது. பையன் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். இறங்கலாம் என்றால் லிஃப்டில் கூட்டம். மாடிப்படியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் நாற்காலிகளை இழுத்துப் போட்டு வழி பண்ண, அக்கா அவனை அணைத்தபடி இறங்கினாள். நாலு மேஜைக்காரர்கள் சிலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

என் விமர்சனம் அந்த ஹோட்டலின் மேல் மட்டும் இல்லை. 'சென்சரி ஃப்ரெண்ட்லி' என்பதை ஒலியைக் குறைக்கும் சலுகையாக நினைப்பதன் மேல்தான். அன்று சத்தத்தின் அளவைவிட அவனை உடைத்தது சத்தம் சொல்லாமல் வந்ததும், வெளியேற வழி இல்லாததும். அடுத்து என்ன வரும் என்று தெரிவது, வேண்டாம் என்றால் எழுந்து போக முடிவது, இரண்டும் ஒலி அளவுக்கு முன்னால் வரவேண்டியவை. படிக்கட்டைத் திறந்து வைப்பது தீ விபத்துக்கும் தேவை என்பதால், ஆட்டிசம் பெயரைச் சொல்லாமலேயே கேட்கலாம்.

இந்த 'அடுத்து என்ன வரும்' விஷயத்தில் எங்க ஊர்க் கல்யாண இலை நன்றாகவே தேறும். உப்பு எங்கே, பச்சடி எங்கே என்பதில் மாற்றம் இல்லை. முதலில் பருப்பும் நெய்யும், அப்புறம் சாம்பார், கடைசியில் மோர். எங்க பையன் பந்தியில் முழுசாக உட்கார்ந்து சாப்பிடுவான், தவில் இல்லாத நேரமாக இருந்தால். அந்த மாடி மெனுவிலோ எண்பது அயிட்டம். புட்டு இல்லை, மட்டிப்பழம் இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், வாங்கின மாவட்டத்தின் மாடியில் கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 சட்டத்தில் ஏழு வகை மாற்றுத்திறன்தான், ஆட்டிசம் அதில் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகை, ஆட்டிசம் உண்டு. 'தடை' என்பதற்கு அது தரும் விளக்கத்தில் சுற்றுச்சூழல் காரணிகளும் சேரும். ஆனால் நடைமுறையில் ஹோட்டல் என்றால் நாம் சாய்தளத்தோடு நின்றுவிடுகிறோம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 டெசிபல் என்கின்றன. இரவு என்றால் பத்து மணிக்கு மேல். அது அந்தப் பகுதிக்கான அளவு. மேஜைக்கு மூன்று மீட்டரில் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது என்று அதில் இல்லை.

அன்றைக்குக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அரைமணி இருந்தோம். சர்வர் தம்பி பார்சலைக் கொண்டுவந்து கொடுத்து, "சாரிண்ணே, அந்த ஆம்ப்பு அப்படித்தான்" என்றார். அவரிடமே கேட்டேன். சீசன் முடிந்து செவ்வாய், புதன் என்றால் மாடியில் பத்துப் பேர் தேறமாட்டார்களாம். மேற்கு மூலையில் ஷீட் இல்லாத இடத்தில் ரெண்டு மேஜை போடலாமாம். அங்கிருந்து சிலை கொஞ்சம் சரிவாகத் தெரியுமாம். அக்காவிடம் சொன்னேன். "ஆம்ப்ளிஃபயரை பிளக்கோட புடுங்கச் சொல்லு, பிறகு பாப்போம்" என்றாள். மார்ச்சில் லீவு போட்டிருக்கிறேன்.