கண்ணாடியும் கைவினைஞரும்: மோர்ஸ் அருங்காட்சியகத்தில் டிஃபனி படைப்புகள்

பேரருங்காட்சியகங்கள் பெரும்பாலும் ஒரு காலத்தின் சுவை ஏற்றுக்கொண்டவற்றைத் தொகுத்து வைப்பன. சிற்றருங்காட்சியகங்களுள் சில, அச்சுவை ஒதுக்கித் தள்ளியவற்றைத் தேடிக் காத்தவை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், வின்டர் பார்க் என்னும் சிறு நகரில் அமைந்துள்ள சார்ல்ஸ் ஹோஸ்மர் மோர்ஸ் அருங்காட்சியகம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அங்கு லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் (1848–1933) அலங்காரக் கண்ணாடிப் படைப்புகளைக் கண்டபோது நம்முள் ஒரு வினா எழுந்தது. ஒரு கலைப்பொருளைக் காத்தல் என்பது அதன் உருவத்தைக் காப்பதோடு நிறைவடைகிறதா என்பதே அவ்வினா.

முதற்கண் டிஃபனியின் கலைமுறையைச் சுட்டுதல் வேண்டும். ஐரோப்பிய இடைக்காலப் பேராலயங்களின் சாளரங்களில் முகம், ஆடை மடிப்பு, நிழல் முதலியவற்றைக் கண்ணாடியின்மேல் தீட்டிச் சுட்டெடுத்தனர். டிஃபனியோ இவற்றுள் பெரும்பகுதியைக் கண்ணாடிக்குள்ளேயே அமைக்க முயன்றார். ஆடையின் மடிப்புக்குக் கண்ணாடி இளகியிருக்கும்போதே மடிக்கப்பட்டது. தொலைவைக் காட்டக் கண்ணாடித் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டன. அருங்காட்சியகத்திலுள்ள 'நான்கு பருவங்கள்' என்னும் சாளரப் பகுதிகள் இம்முறையின் உச்சம் எனலாம். இவை 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரே சாளரமாக வைக்கப்பட்டுப் பின்னர்ப் பிரிக்கப்பட்டவை. கோடைக்குரிய பகுதியில் பாப்பி மலரின் இதழ்களை உற்று நோக்கினால், நிறமாற்றம் தூரிகையால் வந்ததன்று, கண்ணாடியின் உடலிலேயே ஊறியது என்பது விளங்கும்.

இத்தகைய கலையும் சுவை மாற்றத்திற்குத் தப்பவில்லை. எளிய வடிவங்களை விரும்பிய நவீனத்துவத்தின் எழுச்சியில், டிஃபனியின் படைப்புகள் மிகை அலங்காரமாகத் தோன்றின. லாங் ஐலண்டில் அவர் எழுப்பிய லாரல்டன் ஹால் என்னும் மாளிகையின் பொருள்கள் 1946ஆம் ஆண்டில் ஏலம் விடப்பட்டன. 1957ஆம் ஆண்டில் மாளிகையே தீக்கிரையானது. இளமையில் அம்மாளிகையில் தங்கி ஓவியம் பயின்றவர் ஹியூ மெக்கீன். அவருடைய துணைவியார் ஜெனெட், 1942ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகத்தைத் தம் பாட்டனார் பெயரால் நிறுவியவர். டிஃபனியின் படைப்புகளை நாடுவோர் அருகியிருந்த 1955ஆம் ஆண்டிலேயே ஜெனெட் அவற்றுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றை அமைத்தார். தீ விபத்திற்குப்பின் இருவரும் எஞ்சிய சாளரங்களையும் கட்டடப் பகுதிகளையும் விலைக்கு வாங்கி வின்டர் பார்க்கிற்குக் கொணர்ந்தனர். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கென டிஃபனி அமைத்த சிற்றாலயமும் இவ்வாறே மீண்டது. 1999ஆம் ஆண்டு முதல் அதனுள் நின்று காணும் வாய்ப்பு பார்வையாளர்க்குக் கிட்டியுள்ளது.

இம்மீட்பில் ஓர் இழப்பும் உண்டு. சாளரம் என்பது கதிரவனின் போக்கிற்கேற்ப நாள்முழுதும் மாறும் பொருள். காலையிற் கண்ட நீலம் மாலையில் இராது. கூடத்துள் பெரும்பாலான சாளரங்கள் பின்னாலிருந்து வரும் மின்னொளியால் சீராக ஒளிர்கின்றன. நிறம் தெளிவாகத் தெரிகிறது, எனினும் பொழுது நின்றுவிடுகிறது. இது தவிர்க்கவியலாத விலையே. ஆயினும் பார்வையாளர் இதனை உணர்ந்து காணுதல் நன்று.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்தது. டிஃபனி நிறுவனத்தில் கண்ணாடியைத் தெரிந்தெடுத்து வெட்டும் மகளிர் பிரிவு ஒன்று 1892ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒஹாயோவைச் சேர்ந்த கிளாரா டிரிஸ்கோல். மணமான பெண்கள் அங்குப் பணியாற்றவியலாது என்பது அக்கால வழக்கு. கணவரை இழந்த பின்னரே கிளாரா மீண்டும் பணிக்குத் திரும்பினார். அவர் தம் தாய்க்கும் தமக்கை தங்கையர்க்கும் எழுதிய மடல்கள் 2005ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் கவனத்திற்கு வந்தன. புகழ்பெற்ற தும்பி விளக்கு உள்ளிட்ட பல விளக்குகளை வடிவமைத்தவர் அவரே என்பது அம்மடல்களால் தெரியவந்தது. 2007ஆம் ஆண்டில் நியூயார்க் வரலாற்றுக் கழகம் இதனை ஒரு கண்காட்சியாகவே அமைத்தது. அதுவரை அவ்விளக்குகளின் அழகெல்லாம் டிஃபனி ஒருவரின் கற்பனையாகவே போற்றப்பட்டு வந்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கினால் நாம் எழுப்பிய வினாவிற்கு விடை கிடைக்கும். மெக்கீன் இணையர் கண்ணாடியைக் காத்தனர். அவர்கள் இலரேல் நமக்கு இக்கலை இல்லை. கிளாராவின் மடல்களைக் காத்தோர் கைவினைஞரைக் காத்தனர். அவர்கள் இலரேல் ஒரு பெண்ணின் அறிவும் உழைப்பும் பிறிதொருவர் பெயரிலேயே நிலைத்திருக்கும். பொருளைத் தீயிலிருந்து மீட்கப் பெருஞ்செல்வம் வேண்டியிருந்தது. மடல்களைக் காக்க, அவை வெறுங்காகிதம் அல்ல என்னும் எண்ணமே போதுமானதாயிருந்தது. ஆய்வாளராகிய நாமும் ஆசிரியராகிய நாமும் முதலாவதைச் செய்யும் வாய்ப்பு அரிது. இரண்டாவதைச் செய்யும் வாய்ப்பு நம்மிடம் நாள்தோறும் உள்ளது. ஒரு படைப்பைப் பாராட்ட முனையும்போது, அதன்கீழ் எழுதப்பட்டுள்ள பெயரோடு நின்றுவிடாது, எழுதப்படாத பெயர்களையும் தேடுதல் திறனாய்வின் கடமையாகும்.