வேலிக்கு உரிமை, உயிருக்கு?

ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் உழவனும், உரிமமின்றித் துப்பாக்கி ஏந்தலாகாது. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் தடுக்கிறது. வகுப்பறையில் எந்தப் பன்றி மேய்கிறது?

அமெரிக்காவின் டெக்சாசில், 2016 ஆகஸ்டு 1 முதல், உரிமம் பெற்றவர் அரசுப் பல்கலைக்கழகத்துள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். தற்காப்பாம்! 1966-இல் அதே நாளில்தான், ஆஸ்டினில் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிய ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்றான். தனியார் பல்கலைக்கழகம் மட்டும் துப்பாக்கிக்குத் தடை விதிக்கலாமாம். ஏன்? சொத்துரிமையாம்!

நாம் கேட்கிறோம்: சொத்துடையான் தன் வாயிலில் அச்சத்தைத் தடுக்கலாம், மக்கள் வரிப்பணத்தில் எழுந்த கல்விக்கூடம் தடுக்கலாகாதா? வேலிக்குள்ள மதிப்பு உயிருக்கில்லையா?

மலைப்பள்ளியில் கரும்பலகை முன் நிற்கும் நாம் அறிவோம்: அஞ்சும் மாணவன் கேள்வி கேட்பதில்லை, கேள்வி இல்லாத இடத்தில் பகுத்தறிவு இல்லை. தோழர்களே, வேலியின் உரிமையைவிட வினாவின் உரிமை பெரிது!