கண்ணாடியைக் கழற்றி எறியும் வில்லன்

பள்ளிச் சீருடையில் ஒரு சர்வ வல்லமைக்காரன். எதிரே ஊதினால் பறந்துவிடும் வில்லன். ஜப்பானிய மாயாஜாலப் பள்ளி அனிமேக்களில் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அதில்தான் ருசி. யார் ஜெயிப்பார்கள் என்ற பதைப்பு ஒழிந்தால், எப்படி ஜெயிக்கிறான் என்பதை ஆற அமரப் பார்க்கலாம். 2014-இல் மேட்ஹவுஸ் எடுத்த 'மஹோகா கோகோ நோ ரெட்டோசெய்' தொடரில், நாயகன் ஷிபா தத்சுயாவின் சட்டையில் முதல் பிரிவு மாணவர்களுக்கான பூச்சின்னம்கூடக் கிடையாது. அவனை வசியம் செய்யத் தீவிரவாதக் கும்பலின் தலைவன் வருகிறான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வீசுகிறான், கண்களை அகல விரிக்கிறான். அடேயப்பா, என்ன பந்தா! அது கவனத்தைத் திருப்பும் வேலை, மந்திரம் நடந்தது மறு கையில் என்று தத்சுயா பாடம் நடத்துகிறான். அவனுக்குப் பின்னணி பேசும் நாகமுரா யூயிச்சியின் குரல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. மின்கட்டணத் தொகையை வாசித்துச் சொல்வதுபோல் இருக்கிறது. அடியாட்களின் துப்பாக்கிகள் கையிலேயே பாகம் பாகமாகக் கழன்று தரையில் உதிர்கின்றன. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

வாராவாரம் இதுவே என்றால் சலிக்கும்தான். ஆனாலும் அந்த வில்லனைப் பாருங்கள்: இளக்காரச் சிரிப்பு முதலில் உதட்டோரம் தளர்கிறது, பிறகு தாடை, அப்புறம் கால். தோற்பவனின் முகத்துக்கு இத்தனை பொறுமையாக உழைத்த கைக்கு ஒரு சபாஷ்.