லிஸ்ட் கண்ட காப்புக் கொள்கையும் யாழ்ப்பாணத்துத் தோட்டமும்

ஜேர்மானியப் பொருளியலறிஞர் பிரெடரிக் லிஸ்ட், 1841இல் வெளியிட்ட தம் நூலில், இளங்கைத்தொழில்கள் வலுப்பெறுங்காறும் அவற்றைச் சுங்கவரியாற் காத்தல் வேண்டுமென்றார். வேளாண்மைக்கு அக்காப்பு வேண்டாவென்றார். இவ்வரையறை பொருந்துமா என்பதை யாழ்ப்பாணத்தில் வைத்து ஆராய்வாம்.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. விலை ஏறியது, விளைபரப்பு விரிந்தது, உரும்பிராய், கோப்பாய் முதலாய செம்மண்ணூர்க் கமக்காரர் செழித்தனர், படித்த இளைஞரும் தோட்டத்தில் இறங்கினர். காப்பினால் வேளாண்மையும் வளருமென்பது இதனாற் பெறப்படும். இவ்வளவில் லிஸ்டின் வரையறை பிழைபட்டது.

ஆயினும், காப்பென்பது பயிற்சிக்காலமே என்னும் அவர் கருத்து வலிதே. செலாவணி முட்டுப்பாட்டிற் பிறந்த கட்டுப்பாட்டில் அத்தகைய பயிற்சி நோக்கம் இருக்கவில்லை. 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறக்கப்பட்டதும் இறக்குமதிப் பொருள் போட்டியிட, கமக்காரர் இடருற்றனர். மேலும், ஆலைகளைப் பெருக்கலாம். வற்றாத ஆறில்லாக் குடாநாட்டிற் சுண்ணக்கற் பாறை தேக்கிய கிணற்று நீரைப் பெருக்குதல் அரிது.

காப்பின் விலையை நாடெங்குமுள்ள நுகர்வோரே கொடுத்தனர். அவ்விலைக்கு ஈடாகப் பெற்ற காலத்தில் வித்து, நீர், சேமிப்பு என்பவற்றைச் செம்மை செய்திருத்தல் வேண்டும். அதனைச் செய்யாத காப்பு விலையேற்றமாய் முடியும்.