ஊகமும் முடிவும்

ஒரு கதை முடிந்த பிறகும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு. கதை எழுதுகிறவனுக்கு அவர்களைவிடப் பெரிய சொத்து கிடையாது. ஆனால் அவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. இந்த மரியாதை, பயம் இரண்டையும் பற்றி என்னை யோசிக்க வைத்தது ஒரு நாவல் அல்ல. 'தி ப்ரிஸனர்' என்ற ஆங்கில டெலிவிஷன் தொடர்.

பிரிட்டனில் 1967 செப்டம்பரில் தொடங்கி 1968 பிப்ரவரியில் முடிந்த விஞ்ஞானக் கற்பனைத் தொடர் அது. மொத்தம் 17 அத்தியாயங்கள்தாம். ஓர் ஒற்றன் தன் வேலையை ராஜிநாமா செய்கிறான். அவன் வீட்டுக்குள் மயக்கப் புகையைச் செலுத்தி அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கண் விழிக்கும்போது ஓர் அழகான கிராமத்தில் இருக்கிறான். அங்கே மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். இவன் ஆறாம் எண். தப்பி ஓடினால் ஒரு பெரிய வெள்ளைப் பலூன் துரத்தி வந்து முகத்தை மூடி மூச்சை அடைக்கிறது. ஏன் ராஜிநாமா செய்தாய் என்று அவனைக் குடைந்துகொண்டேயிருக்கும் அதிகாரி இரண்டாம் எண். அந்தப் பதவிக்குப் புதிது புதிதாக ஆட்கள் வந்து போகிறார்கள். அப்படியானால் முதல் எண் யார்?

கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் முதல் எண்ணின் முகமூடியை உரிக்கிறான். உள்ளே ஒரு குரங்கு முகமூடி. அதையும் உரித்தால் தெரிவது அவனுடைய முகமேதான்! அதுவும் கண நேரம். விளக்கம் ஒன்றும் கிடையாது. பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குக் கோபம் பொங்கிவிட்டது. டெலிபோனில் புகார்கள் குவிந்தன. கதாநாயகனாக நடித்து, அந்த அத்தியாயத்தை எழுதி இயக்கியவர் பாட்ரிக் மக்கூஹன். வாதமும் சச்சரவும் எழவேண்டும் என்றே தாம் விரும்பியதாக அவர் பின்னாளில் சொன்னார்.

அவர் விரும்பியபடியே நடந்தது. 1977-ல் ரசிகர்கள் ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள். தொடரைப் படம் பிடித்த இடம் வேல்ஸ் நாட்டிலுள்ள போர்ட்மீரியன். அங்கே கூடி வாதாடினார்கள். எட்டாவதாக ஒளிபரப்பான அத்தியாயத்தில் தான் ஊருக்குப் புதியவன் என்று கதாநாயகன் சொல்கிறானே, அது எப்படிப் பொருந்தும்? ஆகவே அத்தியாயங்களின் சரியான வரிசைதான் என்ன? ஆளுக்கொரு வரிசை போட்டார்கள். மக்கூஹன் அதற்கு முன் வேறொரு தொடரில் ஜான் டிரேக் என்ற ஒற்றனாக நடித்திருந்தார். ஆறாம் எண் அந்த டிரேக்தானா? இல்லை என்று நடித்தவரே சொன்ன பிறகும் இந்த வாதம் ஓயவில்லை.

இவையெல்லாம் கர்ணம் கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முன்னால் எடுத்ததைப் பின்னால் ஒளிபரப்பினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதே ரசிகர்கள் சொன்ன இன்னொன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

தொடரின் முகப்பில் பெரும்பாலான வாரங்களில் ஓர் உரையாடல் வரும். முதல் எண் யார் என்று அவன் கேட்கிறான். 'யூ ஆர் நம்பர் ஸிக்ஸ்' என்று பதில் வருகிறது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல், நீ ஆறாம் எண் என்று அவனை அடக்குவதாகத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். 'யூ ஆர்' என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்துப் பாருங்கள் என்றார்கள் ரசிகர்கள். உடனே அர்த்தம் மாறிவிடுகிறது: முதல் எண் நீதான், ஆறாம் எண்ணே! விடை ஆரம்பத்திலிருந்தே காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. காற்புள்ளி காதுக்குக் கேட்பதில்லை. அதை வைப்பதும் எடுப்பதும் கேட்கிறவன் பொறுப்பு. எழுதியவர் இப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்பது இரண்டாம் பட்சம். தன் சிறைக்குத் தானே காவலன் என்ற கருத்தை அந்தக் காற்புள்ளி எவ்வளவு லேசாகத் திறந்து காட்டிவிட்டது! இதை நான் ரசிகர் பேச்சு என்று சொல்லமாட்டேன். விமர்சனம் என்றே சொல்வேன்.

அடுத்து என்ன நடக்கும் என்ற ஊகம், விடை தெரிந்த அன்றே செத்துவிடும். நடந்ததற்கு என்ன பொருள் என்ற ஊகம் விடை தெரிந்த பிறகுதான் உயிர் பெறும். ராமன் மறைந்து நின்று அம்பு எய்தது தர்மமா என்று நாம் இன்றைக்கும் வாதாடுகிறோம். வாலி சாகப்போவது தெரியாமலா வாதாடுகிறோம்?

2016-ல் வந்த 'வெஸ்ட்வேர்ல்ட்' என்ற அமெரிக்கத் தொடரையும் இங்கே சொல்லவேண்டும். யந்திர மனிதர்கள் நிறைந்த ஓர் உல்லாச பூமி. அங்கே வில்லியம் என்ற சாதுவான இளைஞன் வருகிறான். கறுப்புடை அணிந்த கொடிய கிழவன் ஒருவனும் திரிகிறான். இருவரும் ஒருவரே, கதை இரு வேறு காலங்களில் நடக்கிறது என்று ரசிகர்கள் சில வாரங்களிலேயே ஊகித்துவிட்டார்கள். அந்த இடத்தின் முத்திரைச் சின்னம் இரண்டு விதமாக வருவதைக்கூட அவர்கள் விடவில்லை. பத்தாம் அத்தியாயத்தில் அவர்கள் சொன்னதே சரியாயிற்று. சுவாரஸ்யம் போயிற்று என்று சிலர் குறைப்பட்டார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஊகிக்க முடிந்தது என்றால் ஆசிரியர்கள் நாணயமாகத் தடயம் வைத்தார்கள் என்று அர்த்தம். என் குறை வேறு. சாதுவானவன் எப்படிக் கொடியவன் ஆனான் என்பதல்லவா கதை? அதைச் சொல்வதில் காட்டியதைவிட, இருவரும் ஒருவர் என்பதை மறைப்பதில்தான் அதிக அக்கறை காட்டினார்கள்.

இவ்வளவு தீர்மானமாகப் பேச எனக்கு யோக்கியதை உண்டா? பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். ஒரு விதவைக்கு யாரோ பொய்ப் பெயரில் மாதாமாதம் மணியார்டர் அனுப்புகிறார்கள். அனுப்புகிறவன், அவள் சொத்தை விற்றுத் தின்றுவிட்டு ஓடிப்போன அண்ணன். இதுதான் என் முடிவு. பன்னிரண்டாவது வாரமே ஒரு வாசகி இதைக் கண்டுபிடித்து, காரணங்களையும் வரிசையாக எழுதி அனுப்பிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவசர அவசரமாக ஒரு பணக்காரச் சிநேகிதரைக் கதைக்குள் கொண்டுவந்து, மணியார்டரை அவர் தலையில் கட்டினேன். வாசகியை ஜயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

தொடர் முடிந்ததும் அதே வாசகியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'அனுப்பியது அண்ணன் இல்லையென்றால், அவர் ஏன் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தபாலாபீஸ் வாசலில் நின்றார்?' என்று ஒரே வரிதான் கேட்டிருந்தார்.

அவருக்கு நான் பதில் எழுதவில்லை. கதை புத்தகமாக வந்தபோது திருத்தியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அந்தப் புத்தகத்தில் அண்ணன் இன்னும் தபாலாபீஸ் வாசலில் காரணமில்லாமல் நின்றுகொண்டுதான் இருக்கிறான்.