ஒரு குப்பி நீரும் ஒரு நற்சான்றும்

ஒரு குப்பி நீரைச் சோதித்து, 'லெஜியோனெல்லா இல்லை' என்று கட்டடம் முழுமைக்கும் நற்சான்று தருவதை ஏற்பதற்கில்லை.

1976 ஜூலையில், ஃபிலடெல்ஃபியா ஓட்டலொன்றில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டையொட்டிப் பரவிய நிமோனியா 34 பேரைப் பலிகொண்டது. வழக்கமான வளர்ப்பு ஊடகங்களில் எதுவும் முளைக்கவில்லை. கிருமி இல்லாமலா? 1977 ஜனவரியில்தான் மக்டேட் அதைக் கண்டறிந்தார்.

இன்று உரிய ஊடகம் உண்டு. நீரைப் பிடிப்பதில்தான் கோளாறு. குழாயை நெடுநேரம் ஓடவிட்டுப் பிடித்தால், குழாய்வாயில் தேங்கிய முதல் நீர் தப்பிவிடும். உட்சுவரின் வழவழப்பான படலத்தில் ஒட்டியிருக்கும் கிருமி குப்பிக்குள் வராமலே போகலாம். குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்ஃபேட் இடாவிட்டால், வந்த கிருமியும் வழியிலேயே மடியலாம்.

வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குப் பத்து நாள்கூட ஆகும். வெப்பமானிக்குச் சில நிமிடம் போதும் (இயற்பியல் ஆசிரியன் வேறென்ன சொல்வான்!). வெந்நீர்க் குழாய் 25 முதல் 45 பாகை செல்சியஸ் காட்டினால், அங்கிருந்து இன்னொரு குப்பி எடுக்கவேண்டும்.