விளக்கு பொய் சொல்லவில்லை

'கேஸ்லைட்டிங்' என்ற சொல் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் ஒருத்தர் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றால் போதும், அது கேஸ்லைட்டிங். 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதைத்தான் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஒரு நாடகத் தலைப்பிலிருந்து வந்த சொல் என்பதும் பலருக்குத் தெரியும். வழக்கமாகத் தரும் விளக்கம் இது: கணவன் வேண்டுமென்றே விளக்கைக் குறைப்பான், மனைவி கேட்டால் உனக்குத்தான் பிரமை என்பான். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நம்பிட்டிருந்தேன். நாடகத்தைப் படிச்ச பிறகுதான் தெரிஞ்சது, கதை அப்படி இல்லை.

பேட்ரிக் ஹாமில்டனின் 'கேஸ் லைட்' 1938 டிசம்பரில் லண்டன் ரிச்மண்டில் அரங்கேறியது. கதை நடப்பது 1880-ல். மேனிங்ஹாம் என்பவன் தன் மனைவி பெல்லாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்ப வைக்கப் பார்க்கிறான். சுவரில் இருந்த படம் காணாமல் போகும், கடை பில் காணாமல் போகும். எல்லாம் அவன் ஒளித்து வைப்பது, பழி அவள் மேல்.

விளக்கு மங்குவது மட்டும் இந்தக் கணக்கில் வராது. பல வருஷம் முன்னால் அதே வீட்டில் ஒரு வயதான பணக்காரப் பெண்மணியைக் கொன்றவன் அவன். அவளுடைய மாணிக்கக் கற்கள் அப்போது கைக்குச் சிக்கவில்லை. அதனால் ராத்திரி வெளியே போவதுபோல் போய், பூட்டிக் கிடக்கும் மேல்மாடிக்குத் திருட்டுத்தனமாக வந்து தேடுகிறான். தேட வெளிச்சம் வேண்டுமே? மேலே கேஸ் விளக்கை ஏற்றுகிறான். ஒரே குழாயில் வரும் கேஸ் என்பதால் கீழே இருக்கிற விளக்கு மங்குது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம்ம வீட்டு பல்பு மங்குமே, அந்த மாதிரி. அவன் திட்டத்திலேயே இல்லாத விஷயம் இது.

எங்க தொழிலில் இதற்கு 'சைடு சேனல்' என்று பேர். ஒரு சிப்புக்குள்ளே இருக்கும் ரகசியத்தை நேராகப் பார்க்க முடியாவிட்டால், அது எவ்வளவு கரண்ட் இழுக்குது, எவ்வளவு நேரம் எடுக்குது என்று அளந்து, உள்ளே நடப்பதை ஊகிப்பது. பெல்லா செய்வதும் அதுதான். அவன் போன கொஞ்ச நேரத்தில் விளக்கு இறங்குது, திரும்பி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏறுது என்று தினமும் கவனித்து வைத்திருக்கிறாள். மேலே நடமாடுவது அவன்தானோ என்ற சந்தேகமும் அவளுக்கே வந்துவிட்டது. சொல்லத்தான் ஆள் இல்லை. ரஃப் என்ற பழைய துப்பறிவாளர் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் கணக்கு வெளியே வருகிறது. (மனுஷன் கொஞ்சம் அதிகமாவே பேசுறார். எனக்கு அலுத்தது.)

ஆக, அந்த வீட்டில் பெல்லாவுக்கு உண்மையைச் சொன்ன ஒரே பொருளின் பெயரைத்தான் இன்று பொய்க்கு வைத்திருக்கிறோம். சொற்கள் இடம் மாறுவது சகஜம், அதற்காக யாரிடமும் சண்டை போடப்போவதில்லை. ஆனால் 'அவனே விளக்கைக் குறைத்தான்' என்று கதையை மாற்றும்போது பெல்லாவின் கவனிப்பு காணாமல் போகிறது. அவள் பார்த்ததெல்லாம் அவன் காட்டியது என்றாகிவிடுகிறது. ஹாமில்டன் எழுதிய பெல்லா, மாசக்கணக்கில் 'உனக்குப் பைத்தியம்' என்று கேட்டுக்கேட்டு நொந்த நிலையிலும், தன் கண்ணை முழுசாகக் கைவிடாதவள்.

ஜார்ஜ் கியூக்கர் இயக்கிய 1944 படம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. இங்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். விளக்கு மங்குவதை ஜோசப் காட்டனும் பார்த்தார் என்று தெரியும் அந்த நொடியில் பெர்க்மன் முகத்தைப் பாருங்கள். அவளுக்கு அதில் புதுத் தகவல் எதுவும் இல்லை. தெரிந்ததுக்கு ஒரு சாட்சி கிடைத்தது, அவ்வளவுதான்.

கடைசிக் காட்சி நாடகத்திலும் படத்திலும் ஏறக்குறைய ஒன்றே. கட்டிப்போட்ட கணவன் அவளிடம் கட்டை அறுத்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். தான் பைத்தியக்காரி, அதனால் எதுவும் செய்ய முடியாது என்கிறாள் அவள். அவன் சொல்லிக் கொடுத்த பாடம்தானே.